பழைய போர்டு வண்டியின் ஸ்டியரிங்: தேய்மானம் காணும் முறை

மோட்டார் வண்டியின் எஞ்சின் பழுதுற்றால் வண்டி நின்றுவிடும். நின்றுவிட்ட வண்டியால் உயிருக்குக் கேடு நேர்வது அரிது. பிரேக்கு பழுதுற்றாலோ, ஓட்டுபவன் விரைந்து சிந்திப்பவனாயின், வேகத்தைக் குறைத்தும் மேடான பக்கம் ஒதுக்கியும் ஒருவாறு தப்புதல் கூடும். ஆனால் வண்டியைத் திருப்புங் கருவி, அதாவது ஸ்டியரிங், ஓரிடத்தில் விட்டுப்போகுமாயின் அதற்கு மாற்று யாதொன்றும் இல்லை. கையிலுள்ள வளையம் சுழலும். சக்கரங்கள் தாம் விரும்பிய திசையிற் செல்லும். இவ்வாறிருக்க, பழைய வண்டிகளைப் போற்றி வைத்திருப்போர் பலர் பித்தளை விளக்குகளைத் துலக்குவதிற் செலவிடும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கைத்தானும் ஸ்டியரிங் உறுப்புக்களைச் சோதிப்பதிற் செலவிடுவதில்லை என்பது வியப்பாகும். ஆதலின் அச்சோதனையின் முறையை ஒரு குறிப்பிட்ட வண்டியைக் கொண்டு இங்கு விளக்கப் புகுகின்றோம்.

யாம் எடுத்துக்கொள்ளும் வண்டி, ஹென்றி போர்டு என்பார் அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரில் 1908ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘மாடல் டி’ என்னும் வண்டியாகும். 1927ஆம் ஆண்டு வரையில் இவ்வண்டிகள் ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்யப்பட்டன. அவற்றுள் கடைசியாக வெளிவந்ததற்கும் இன்று நூறாண்டு நெருங்குகின்றது. எனினும் பல நாடுகளில் இவை இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன; தேய்ந்த உறுப்புக்களுக்குப் பதிலாகப் புதியவை செய்து விற்போரும் உளர். இவ்வண்டியைத் தெரிந்துகொண்டமைக்குக் காரணம் வேறொன்றும் உண்டு. பிற்காலத்து வண்டிகளில் திருப்பும் பற்சக்கரங்கள் எண்ணெய் நிறைந்த இரும்புப் பெட்டிக்குள் அடிப்புறத்தில் மறைந்திருக்கும். மாடல் டி வண்டியிலோ ஏறக்குறைய எல்லா மூட்டுக்களும் கண்ணுக்கு வெளிப்படையாக உள்ளன. கண்ணுக்கு வெளிப்பட்டவை புழுதிக்கும் வெளிப்பட்டவையே யாதலின் தேய்மானமும் விரைவில் உண்டாகும்.

முதலில் கையின் அசைவு சக்கரத்தை எவ்வழியாகச் சென்றடைகின்றது என்பதை அறிதல் வேண்டும். ஓட்டுபவன் பிடிக்கும் வளையத்திற்கு நேர் கீழே உருண்டையான ஒரு சிறு பெட்டி உண்டு. அதனுள் நடுவே ஒரு சிறிய பற்சக்கரமும், அதனைச் சூழ மூன்று பற்சக்கரங்களும், அவற்றைச் சூழப் பெட்டியின் உட்சுவரிலேயே வெட்டப்பட்ட பற்களும் அமைந்துள்ளன. கதிரவனைக் கோள்கள் சுற்றுவதுபோல் நடுச்சக்கரத்தை மற்றை மூன்றும் சுற்றி வருகின்றன. வளையம் நான்கு பங்கு சுழன்றால் அடியிற் செல்லும் தண்டு ஒரு பங்கு சுழலும். பிற்காலத்து மாடல் டி வண்டிகளில் இவ்விகிதம் ஐந்துக்கு ஒன்றாக மாற்றப்பட்டது. அத்தண்டின் கீழ்முனையிற் பூட்டிய குறுங்கை ஒன்று உண்டு. மிஸ்திரிகள் அதனைப் ‘பிட்மன் ஆர்ம்’ என்பர். அதன் நுனியில் ஓர் இரும்புக் குண்டு. அக்குண்டைக் கவ்விக்கொண்டு வண்டியின் குறுக்காகச் செல்வது ‘டிராக் லிங்க்’ என்னும் கம்பி. அக்கம்பியின் மறுமுனை, இரு முன்சக்கரங்களையும் ஒன்றாக இணைக்கும் ‘டை ராடு’ என்னும் நீண்ட தண்டின்மேலுள்ள மற்றொரு குண்டைக் கவ்வும். டை ராடின் இரு முனைகளும் சக்கரங்களின் அச்சுக்களிலிருந்து பின்னோக்கி நீளும் இரு கைகளோடு சேர்க்கப்பட்டுள்ளன. அவ்வச்சுக்கள் ‘கிங் பின்’ எனப்படும் செங்குத்தான ஆணிகளைப் பற்றித் திரும்புகின்றன.

அவ்விரு கைகளும் நேர் பின்னோக்கி நில்லாமல் சற்றே உட்புறம் சாய்ந்திருத்தலைப் பார்ப்போர் அவை வளைந்துவிட்டன என்று கருதுதல் கூடாது. வண்டி திரும்புங்கால் உட்புறச் சக்கரம் சிறிய வட்டத்திலும் வெளிப்புறச் சக்கரம் பெரிய வட்டத்திலும் செல்லுகின்றன. ஆதலின் உட்புறச் சக்கரம் அதிகமாகத் திரும்புதல் வேண்டும். அதற்கென்றே அமைந்தது இச்சாய்வு. இது மோட்டார் வண்டிக்கு முற்பட்டது. மியூனிக் நகரத்துக் குதிரைவண்டித் தச்சரான ஜியார்ஜ் லாங்கென்ஸ்பெர்கர் இதனைக் கண்டார். அவர் பொருட்டு இலண்டனில் ருடால்ப் ஆக்கர்மன் என்பார் 1818ஆம் ஆண்டில் உரிமைப் பத்திரம் பெற்றார். கண்டவர் பெயர் மறைந்து பத்திரம் பெற்றவர் பெயரே இன்றும் நிலவுகின்றது.

இனித் தேய்மானம் என்பது யாது? மேலே கூறிய மூட்டுக்களை எண்ணிப் பார்ப்பின் அவை பத்துக்கு மேற்படும். ஒவ்வொன்றிலும் ஒரு தாளின் கனமளவே இடைவெளி யுண்டாயினும் அவை யாவும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூடி வளையத்தில் வெளிப்படும். ஆனால் எல்லா இடைவெளிகளும் ஒரே அளவாக வெளிப்படுவதில்லை. இதனைப் பலர் கவனிப்பதில்லை. வளையத்தின் குறுக்களவு பதினாறு அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். அதன் சுற்றளவு ஏறக்குறைய ஐம்பது அங்குலம். விளிம்பில் ஓர் அங்குல அசைவு ஏழு பாகைக்குச் சிறிது மேற்படும். பற்சக்கரங்களைக் கடந்து தண்டை யடையும்போது அது நான்கில் ஒன்றாகக் குறைந்து இரண்டு பாகைக்கும் உட்படும். குறுங்கையின் நீளம் ஐந்து அங்குலமாயின், அதன் நுனியிலுள்ள குண்டு ஓர் அங்குலத்தில் ஆறில் ஒரு பங்கிற்கும் சற்றுக் குறைவாகவே நகரும். ஆகவே கீழேயுள்ள குண்டு மூட்டில் உண்டான சிறு இடைவெளி மேலே பெரிதாகித் தோன்றும். வளையத்திலேயே, பற்சக்கரங்களுக்கு முன்னரே, உண்டான இடைவெளி உள்ளவாறே தோன்றும். வளையத்தை மட்டும் அசைத்துப் பார்த்து, ‘இவ்வளவு ஆட்டம் இருக்கின்றது’ என்று கூறுவதால் நோய் உண்டென்று அறியலாமேயன்றி நோயின் இடம் இன்னதென்று அறிய வியலாது.

இடத்தை அறிதற்கு இருவர் வேண்டும். வண்டியைச் சமதரையில் நான்கு சக்கரங்களும் ஊன்றி நிற்குமாறு நிறுத்துக. எஞ்சினை நிறுத்திப் பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, மூட்டுக்களிலுள்ள பழைய கிரீஸையும் மண்ணையும் மண்ணெண்ணெயிட்டுக் கழுவுக. கெட்டியான அழுக்கும் சிலபோது இடைவெளியை நிரப்பி மூட்டு நன்றாயிருப்பதுபோற் காட்டும். ஒருவர் வளையத்தை இடமும் வலமும் சிறிது சிறிதாக அசைக்க, மற்றவர் முன்புறத்தே தாழ்ந்து ஒவ்வொரு மூட்டின்மீதும் விரல் வைத்துப் பார்த்தல் வேண்டும். மூட்டின் இருபுறமும் ஒரே விரல் படுமாறு வைத்தால், ஒருபுறம் அசைந்து மறுபுறம் அசையாது நிற்கும் கணத்தை விரலே உணர்த்திவிடும். கண் இவ்வளவு நுட்பமாக உணர்வதில்லை. சக்கரங்கள் தரையில் ஊன்றியிருத்தல் ஏனெனில், டயர்கள் தரையைப் பற்றி அசைவைத் தடுக்குமாதலின் ஒவ்வொரு மூட்டின் இடைவெளியும் தனித்தனியே வெளிப்படும். சக்கரங்களைத் தூக்கிவிட்டால் எல்லாம் தடையின்றி அசையும், தளர்ச்சி மறைந்துவிடும்.

மேலேயுள்ள பெட்டியைப் பற்றிச் சில சொற்கள் போதும். பெட்டியை ஒரு கையாற் பற்றிக்கொண்டு வளையத்தை அசைக்கும்போது பெட்டியே திரும்புமாயின், அதனைக் குழாயோடு பிணைத்துள்ள ரிவிட்டுக்கள் தளர்ந்தன என்க. பற்களைக் குறைகூறுதற்கு முன் இதனைப் பார்த்தல் வேண்டும். பெட்டி அசையாது வளையம் மட்டும் ஆடினால், வளையத்தைக் கழற்றி, மூடியைத் திருகி எடுத்து, மூன்று சிறு சக்கரங்களும் தத்தம் ஊசிகளின்மேல் எவ்வளவு ஆடுகின்றன என்று காண்க. பெரும்பாலும் பற்களைக் காட்டிலும் ஊசிகளே முதலில் தேய்கின்றன. பாதைகள் பெரும்பாலும் நேராக இருப்பதால் நேர்ப்போக்கிற்குரிய இடத்திலேயே தேய்மானம் மிகுதியாகும். நடுவே தளர்ந்தும் ஓரங்களில் இறுகியும் இருக்கும் ஸ்டியரிங் இவ்வாறு தேய்ந்ததென்று ஐயமின்றிக் கொள்ளலாம். வளையத்தை இறுக்கும் நடு நட்டு தளர்ந்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுதல் நன்று.

தண்டின் கீழ்முனை வண்டியின் சட்டத்தோடு பூட்டிய தாங்கியில், ஒரு புஷ்ஷினுள் சுழல்கின்றது. தண்டைப் பக்கவாட்டிற் பிடித்து ஆட்டினால் புஷ்ஷின் தேய்மானம் தெரியும். இது ஆபத்தன்று, தொல்லை. ஆனால் குறுங்கை தண்டின்மேல் ஆடுமாயின் அது பேராபத்து. ஓர் இரும்புச் சாவியும் ஒரு நட்டும் அந்நட்டைப் பூட்டும் காட்டர் பின்னும் ஆகிய மூன்றினால் மட்டுமே அக்கை நிற்கின்றது. அங்கே மயிரிழையளவு ஆட்டம் காணப்படினும் வண்டியை அன்று வெளியே எடுத்தல் கூடாது.

குண்டு மூட்டுக்கள் தனியாகக் கூறத்தக்கவை. இவ்வண்டியில் குண்டைக் கவ்வும் கிண்ணம் இரண்டு பாதிகளாகச் செய்யப்பட்டு மறைகளால் இறுக்கப்பட்டுள்ளது. தேய்ந்து ஆடும்போது இரு பாதிகளின் முகங்களையும் சிறிது அராவிக் கிட்ட வரச்செய்து இறுக்குவது பழைய வழக்கம். புதிய வண்டியில் இது தகும். ஆனால் நெடுநாள் ஓடிய குண்டு குண்டாகவே இருப்பதில்லை, முட்டை வடிவாய்விடுகின்றது. அதனை ஒரு திசையில் அளந்து, பின் அதற்குக் குறுக்கான திசையில் அளந்தால் வேற்றுமை தெரியும். அத்தகைய குண்டை நேர்ப்போக்கில் தளர்ச்சியில்லாதவாறு இறுக்கினால், வண்டி திரும்பும்போது அதன் பருத்த பகுதி கிண்ணத்துள் வந்து சிக்கி ஸ்டியரிங் இறுகிவிடும். திருப்பத்தில் இறுகாதவாறு விட்டால் நேர்ப்போக்கில் ஆடும். இரண்டிற்கும் நடுவே பொருத்தமான ஓரிடம் காண்போம் என்று பலர் அரத்தோடு போராடுவர். அது வீண், குண்டை மாற்றுவதே வழி.

குண்டு கழுத்தோடு சேருமிடத்தில் வெடிப்பு உண்டாதலும் உண்டு. இது வெறுங்கண்ணுக்குத் தோன்றாது. பட்டறைகளில் முற்காலத்தில் வழங்கிய எளிய முறை ஒன்று இன்றும் பயன்படும். உறுப்பைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்து, நன்றாகத் துடைத்து உலர்த்தி, அதன்மேல் சுண்ணக்கட்டித் தூளைச் சாராயத்திற் குழைத்து மெல்லிதாகப் பூசி, சுத்தியலால் மெதுவாகத் தட்டிச் சற்றுப் பொறுத்துப் பார்த்தால், வெடிப்பினுள் புகுந்த எண்ணெய் கசிந்து வெண்பூச்சின்மேல் ஒரு கருங்கோடாகத் தோன்றும். இக்காலத்தில் இதே கொள்கையின்படி சிவப்புச் சாயமும் வெண்பொடியும் டப்பாக்களில் அடைத்து விற்கின்றனர். அவை இன்னும் நுட்பமானவை. எம்முறையாயினும் ஒன்று; கோடு காணப்பட்ட உறுப்பு உருக்குப்பட்டறைக்கே உரியது. அதனைப் பற்றவைத்து மீண்டும் பூட்டுவோரும் இல்லாமலில்லை. அவர்தம் வண்டியில் ஏறுமுன் ஏறுவோர் சிந்திப்பாராக.

டை ராடின் இரு முனைகளிலும் உள்ள மறையாணிகள், சக்கரக் கைகளின் கண்களில் பொருத்திய புஷ்ஷுகளுள் திரும்புகின்றன. இங்கு எண்ணெய் விடப் பலர் மறப்பதால் ஆணியும் புஷ்ஷும் ஒருங்கே தேயும். இரண்டையும் சேர்த்து மாற்றுவதே முறை. புது ஆணியைப் பழைய புஷ்ஷில் இடுதல் சில நாட்களுக்கே நிற்கும். டை ராடு வளைந்திருக்கிறதா என்று அதனருகே ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பார்க்க. அது வளைந்தால் சக்கரங்களின் இடைவெளி மாறும். முன்சக்கரங்கள் முன்புறத்தே பின்புறத்தைவிடக் கால் அங்குலத்திற்கு மேற்படாத அளவு நெருங்கியிருத்தல் வேண்டும் என்பது போர்டு கம்பெனியார் விதித்தது. அச்சின் உயரத்தில் டயர்களின் முன்பக்கம் சுண்ணக்கட்டியாற் குறியிட்டு அளந்து, வண்டியைச் சக்கரம் அரைச்சுற்று சுற்றுமளவு முன்னே தள்ளி, அதே குறிகளைப் பின்பக்கத்தே அளந்தால் வேற்றுமை தவறின்றிக் கிடைக்கும். சக்கரங்கள் மேற்புறம் அகன்றும் கீழ்ப்புறம் நெருங்கியும் நிற்பதைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. மேலே மூன்று அங்குலத்தளவு அகன்றிருத்தல் இவ்வண்டியின் இயல்பேயாம்.

இதன்பின்னரே முன்னச்சை ஜாக்கியால் தூக்குதல் வேண்டும். சக்கரத்தை மேலும் கீழும் பற்றி ஆட்டுக. ஆட்டம் தெரிந்தால் அது சக்கரத்தின் பேரிங்கினின்று வருகின்றதா, கிங் பின்னினின்று வருகின்றதா என்பது கேள்வி. துணைவர் சக்கர அச்சும் முன்னச்சின் கவையும் சேருமிடத்தைக் கூர்ந்து நோக்குவாராக. அவ்விடத்தில் அசைவு உண்டாயின் கிங் பின்னோ அதன் புஷ்ஷோ தேய்ந்தது. அங்கு அசைவின்றிச் சக்கரம் மட்டும் ஆடினால் பேரிங்கைச் சரிப்படுத்தினால் போதும். இவ்வேறுபாட்டை அறியாது நல்ல புஷ்ஷுகளைப் பிடுங்கி எறிந்தவர் உண்டு. புதுப் புஷ்ஷுகளை இடும்போது மேலும் கீழுமுள்ள இரண்டையும் ஒரே நீண்ட ரீமரால் ஒரே தடவையில் கடைதல் வேண்டும். தனித்தனியே கடைந்தால் துளைகள் ஒரே நேர்கோட்டில் அமையா. ஆணி ஒருபுறம் சாய்ந்து ஓரங்களை மட்டும் தொட்டு மீண்டும் விரைவில் தேயும்.

இனிக் கூறப்போவது ஸ்டியரிங்கைச் சேர்ந்ததன்று என்று சிலர் கருதுவர். எமக்கு அக்கருத்து உடன்பாடன்று. முன்னச்சின் இரு முனைகளிலிருந்தும் புறப்பட்டு வண்டியின் நடுவே எஞ்சினின் அடியில் ஒன்றுகூடும் கவை போன்ற தண்டு ஒன்று உண்டு. அது கூடுமிடத்தில் ஒரு குண்டு; அக்குண்டை ஒரு மூடியும் இரு மறையாணிகளும் வில்கம்பிகளும் சேர்ந்து தாங்குகின்றன. இக்கவையே முன்னச்சை அதற்குரிய சாய்வில் நிறுத்துவது. கிங் பின்னின் மேல்முனை பின்னோக்கி ஏறக்குறைய ஐந்தரைப் பாகை சாய்ந்திருத்தல் வேண்டும். ஓரடி உயரத்திற்கு ஓரங்குலமும் ஆறிலொரு பங்கும் என்று கணக்கிட்டு, தூக்குக்குண்டு நூலைத் தொங்கவிட்டு இதனை அளக்கலாம். நாற்காலியின் காலிலுள்ள சிறு உருளை தள்ளப்படும் திசையைத் தானே பின்தொடர்வதைக் கண்டிருப்போம். அதுபோன்று இச்சாய்வினாலேயே திருப்பிய சக்கரங்கள் தாமே நேருக்கு வருகின்றன. அடிக்குண்டு தளர்ந்தால் முன்னச்சு முன்னும் பின்னும் உருளும். சாய்வு கணந்தோறும் மாறும். சக்கரங்கள் வேகத்தில் நடுங்கத் தொடங்கும். பள்ளத்தில் மோதி அச்சு எதிர்ப்புறம் சாய்ந்துவிட்டாலோ சக்கரம் நேருக்கு வருவதற்குப் பதிலாக மேன்மேலும் திரும்பவே முயலும். 1919ஆம் ஆண்டுக்கு முற்பட்ட வண்டிகளில் இக்கவை அச்சின் மேற்புறம் பூட்டப்பட்டிருந்தது. அதன்பின் கீழ்ப்புறத்திற்கு மாற்றப்பட்டு வலிவு கூடியது. ஆகவே மிகப் பழைய வண்டியை உடையோர் இவ்விடத்தை இருமடங்கு கவனித்தல் வேண்டும். கவையைக் கையாற் பற்றி ஆட்டிப் பார்த்தும், மூடியின் நட்டுக்களைப் பூட்டும் கம்பி அறாதிருத்தலைப் பார்த்தும் இச்சோதனையை முடிக்கலாம்.

இவ்வளவிலும் அஞ்சத்தக்கது ஒன்று எஞ்சியுள்ளது. வளையத்தை ஒரு பக்கம் கடைசி வரையில் திருப்பும்போது குறுங்கையும் டிராக் லிங்க்கும் சிறிது சிறிதாக ஒரே நேர்கோட்டை நெருங்குகின்றன. எல்லா உறுப்புக்களும் செவ்வையாக இருப்பின் அவை அக்கோட்டை அடையுமுன் சக்கரங்கள் தம் எல்லையில் நின்றுவிடும். தேய்மானம் மிகுந்தாலோ, குறுங்கையோ கம்பியோ வளைந்திருந்தாலோ, அவை அக்கோட்டைக் கடந்துவிடும். கடந்தபின் வளையத்தைத் திருப்பி எடுக்க முயன்றால் சக்கரங்கள் நேருக்கு வாரா. இருந்த பக்கமே இன்னும் இறுகும். ஓட்டுபவன் வலிமை முழுவதும் அவனுக்கு எதிராகவே வேலை செய்யும். மெல்லத் திரும்பும் தெருமுனையில் இது நேர்ந்தால் வண்டி சுவரில் மோதும். வேகத்தில் நேர்ந்தால் கவிழும். சோதிப்பது எளிது. முன்னச்சைத் தூக்கிய நிலையில் வளையத்தைக் கடைசிவரை திருப்பி, ஒருவர் சக்கரத்தைக் கையால் அதே திசையில் பலமாகத் தள்ளுக. பின் வளையத்தைத் திருப்பி எடுக்க, அது தடையின்றி மீள வேண்டும். இருபுறமும் இவ்வாறு செய்க. சிறிதேனும் தயங்கிச் சிக்கினால், எத்தனை உறுப்புக்களை மாற்ற நேரினும் மாற்றியன்றி வண்டியை ஓட்டலாகாது.

மாற்றுவதைப் பற்றி ஒரு வழக்கு உண்டு. நூறாண்டுக்கு முன் பூட்டிய அதே உறுப்போடு வண்டி இருத்தலே பெருமை என்பர் ஒரு சாரார். விளக்கிலும் இருக்கையிலும் அவ்வாறிருத்தல் அழகே. தேய்ந்த குண்டை அப்பெருமைக்காக வைத்துக்கொள்ளுதல் எமக்கு ஒவ்வாது. விரும்புவோர் அதனைக் கழற்றிக் கண்ணாடிப் பேழையில் வைத்துப் போற்றலாம். வளைந்த முன்னச்சையும் கைகளையும் நெருப்பிற் காய்ச்சி நிமிர்த்துதலும் தகாது. அவை பதமிட்ட உருக்காற் செய்யப்பட்டவை. காய்ச்சினால் பதம் போய்விடும். குளிர்ந்த நிலையிலேயே நிமிர்த்துதல் வேண்டும் என்பது செய்தவர்களின் கட்டளை. இயலாதாயின் வேறு அச்சு தேடுக.

வேலை முடிந்தபின் கழற்றிய காட்டர் பின்களுள் ஒன்றையேனும் மீண்டும் இடாது எறிந்துவிடுக; ஒருமுறை மடிந்து நிமிர்ந்த கம்பி மறுமுறை முறிவதற்குக் காத்திருப்பதாகும். பெட்டிக்குக் கிரீஸும் மூட்டுக்களுக்கு எண்ணெயும் இட்டு, ஆளில்லாத மைதானத்தில் மெதுவாக ஓட்டி இருபுறமும் முழுதும் திருப்பிப் பார்க்க. பத்து இருபது மைல் சென்றபின் வண்டியை நிறுத்தி மீண்டும் ஒருமுறை அடியிற் சென்று எல்லா நட்டுக்களையும் ஸ்பானரால் தொட்டுப் பார்த்தல் வேண்டும். புதிதாக இட்ட புஷ்ஷுகளும் கிண்ணங்களும் அந்த முதல் ஓட்டத்திலேயே சற்று அமர்ந்து தளர்வது இயல்பு.